பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி

"உண்மையைச் சொல்லுங்கம்மா. உள்ளே டார்ச் அடிக்கிறீங்களா?" என்று பேராசிரியர் என்னைக் கேட்டார்.

இருபத்தாறு வருஷமாக இருட்டறையில் வேலை பார்க்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? சமையல்காரரைக் கூப்பிட்டு, சாப்பாட்டில் மண்ணை அள்ளிப் போடுகிறாயா என்று கேட்ட மாதிரி இருந்தது. கையில் கண்ணாடிக் குடுவை இருந்தது. அதை ஓங்கிக் கீழே வைக்காமல் மெதுவாக வைத்தேன். உடைந்தால் பெருக்குவதும் நான்தானே.

"அப்படி ஒரு நாள் அடிச்சிருந்தா என் கையை வெட்டிப் போடுங்க சார்" என்றேன்.

"கையைப் பத்தி நான் எதுவும் சொல்லலையே. கண்ணைப் பத்தித்தான் கேக்கறேன்" என்றார்.

அது சுருக்கென்று தைத்தது. ஏன் தைத்தது என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் டார்ச் அடிப்பது என்ன அவ்வளவு பெரிய குற்றமா என்று நீங்களும் அவர் பக்கம் சேர்ந்துகொள்வீர்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மாட்டுக் கண்ணை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், இறைச்சிக் கூடத்திலிருந்து கறுப்பு டப்பாவில் ஐஸ் போட்டு நாற்பது கண் வரும். கண்ணுக்குள் விழித்திரை இருக்கிறது. விழித்திரையில் கோடிக்கணக்கில் குச்சி செல்கள் இருக்கின்றன. மங்கிய வெளிச்சத்தில் நமக்குக் கொஞ்சநஞ்சம் தெரிகிறது என்றால் அது இந்தக் குச்சிகளின் புண்ணியம். ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் ஏறக்குறைய ஆயிரம் தட்டுகள், கழுவி அடுக்கிய மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். தட்டின் சுவர் முழுக்கக் கொழுப்பு. அந்தக் கொழுப்பில் மிதக்கிறது ஆப்சின் என்ற புரதம். அதன் மடியில், வைட்டமின் ஏ-யிலிருந்து பிறந்த ஒரு சின்ன மூலக்கூறு கூன் போட்டு உட்கார்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து இருக்கிறவரைதான் அதற்கு அந்தச் செவ்வூதா நிறம். வெளிச்சம் பட்டதோ, கூன் போட்டது விறைப்பாக நிமிர்ந்துவிடும். நிறமும் வெளுத்துவிடும். உயிருள்ள கண்ணில் அது பழையபடி கூன் போட்டுத் திரும்பி வந்து உட்காரும். வெட்டி எடுத்த விழித்திரையில் அந்த வசதியெல்லாம் கிடையாது.

ஆகவே என் வேலை முழுவதும் இருட்டில். ஒரே ஒரு மங்கிய சிவப்பு விளக்கு மட்டும் எரியும். சிவப்பைக் குச்சி செல் அவ்வளவாக மதிப்பதில்லை. அந்த வெளிச்சத்தில் கண்ணின் முன்பக்கத்தை வெட்டி, உள்ளே இருக்கிற கூழைக் கொட்டி, இடுக்கியால் விழித்திரையைக் கிழியாமல் தூக்கி, சர்க்கரைக் கரைசல் ஊற்றிய கிண்ணத்தில் போட வேண்டும். பத்து சேர்ந்ததும் கிண்ணத்தைப் பெரிய பீக்கரில் கவிழ்க்க வேண்டும். பீக்கர் எனக்கு இடது பக்கம் பின்னால் இருக்கும். அங்கே சென்ட்ரிஃப்யூஜ் என்கிற சுழற்றும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. சந்தில் ஒரு முக்காலி, முக்காலி மேல் ஐஸ் வாளி, வாளியில் பீக்கர், பீக்கர் வாயில் புனல். நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கை தானாகப் போய்ப் புனலைத் தொடும், கவிழ்க்கும், வரும்.

கடைசியில் ஒரு துளி எடுத்து அளவிடும் கருவியில் வைத்தால் அது ஓர் எண் சொல்லும். எண் இரண்டரைக்குள் இருந்தால் நல்ல சரக்கு. நான்கு, ஐந்து என்று ஏறினால் எங்கேயோ வெளிச்சம் பட்டு வெளுத்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் பேராசிரியருக்கு ரெண்டரை சார் என்றே பெயர். நேரில் யாரும் கூப்பிடுவதில்லை. அவரிடம் ஆராய்ச்சி செய்கிற பெண்ணுக்கு மூணாம் வருஷம் என்று பெயர். ஐந்து வருஷமாக அவள் மூன்றாம் வருஷத்தில்தான் இருக்கிறாள். அந்தத் தட்டுகளில் எந்தெந்தக் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் பாடு. எனக்கும் ஒரு பெயர் உண்டு. ஷார்ட் சர்க்யூட். நான் அந்தப் பக்கம் போனதும் சொல்வார்கள். என் காது நன்றாகவே கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கண்ணைப் பற்றித்தான் கேட்கிறேன் என்றாரே, அதற்கு வருகிறேன்.

இரண்டு வருஷமாக எனக்கு இருட்டு பழக நேரமாகிறது. முன்பெல்லாம் வராந்தா வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்தால் பத்து நிமிஷத்தில் எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். இப்போது அரை மணிக்கு மேல் ஆகிறது. அதுவரை நான் குருடிதான். தடவித் தடவித்தான் உட்காருவேன், தடவித் தடவித்தான் வெட்டுவேன். ஓர் உயிரிடம் சொல்லவில்லை. சொன்னால் பாட்டில் கழுவும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே ஜன்னலோரம், நல்ல காற்று, நாள் பூராவும் வெளிச்சம் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அந்த ஜன்னல் வேண்டாம். இந்தக் கட்டிடத்தில் வேறு யாராலும் செய்ய முடியாத ஒரு வேலையை என் பத்து விரல் செய்கிறது என்றால் அது அந்த இருட்டுக்குள்தான். வெளியே வந்தால் நான் வாய் நீளமான ஒரு பொம்பளை, அவ்வளவுதான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் உள்ளே நுழைந்த வேகத்தில் சென்ட்ரிஃப்யூஜ் மூலையில் நெற்றியை இடித்துக்கொண்டேன். எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துவிட்டது. வீட்டில் என் கணவர் பார்த்தார்.

"என்ன அது?" என்றார்.

"கப்போர்டு கதவு இடிச்சிடுச்சு."

"ம்" என்றார்.

அவர் அப்படித்தான். அதே ஆய்வுக்கூடத்தில் எலக்ட்ரீஷியன். ஊர் பேசுகிற பேச்சுக்கெல்லாம் அவருடைய பதில் ஒரு ம். அவருக்கு ஃப்யூஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஃப்யூஸுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் எவன் முடிச்சுப் போட்டானோ என்று அலுவலகத்தில் ஒரு நிரந்தரச் சிரிப்பு இருக்கிறது.

நெற்றி இடிபட்ட மறுநாளே நான் காரட்டில் இறங்கினேன். காரட்டிலிருந்து வைட்டமின் ஏ, அதிலிருந்து குச்சி செல்லுக்குள் கூன் போட்டு உட்காருகிற அந்தச் சின்னது. இருபத்தாறு வருஷம் அதையே கையில் பிடித்தவளுக்கு இது கூடவா தெரியாது? பச்சையாகத் தின்றேன், துருவித் தின்றேன், சூப் வைத்தேன், கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கடித்தேன். பத்து நாளில் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. மூணாம் வருஷம் என் கையைப் பார்த்துவிட்டு, "அக்கா, ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்களேன்" என்றாள். என் வேலையைப் பார்க்க எனக்குத் தெரியும் என்றேன்.

ஆனால் காரட் கைவிடவில்லை. மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, உள்ளே நுழைந்து திரையை இழுத்துவிட்டுத் திரும்புகிறேன், தரை தெரிகிறது. சாம்பல் பூத்த மாதிரி லேசாக, ஆனால் தெரிகிறது. சென்ட்ரிஃப்யூஜின் மூலை தெரிகிறது, முக்காலியின் கால் தெரிகிறது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அன்று சாயங்காலம் காய்கறிக் கடைக்காரரிடம் பேரம்கூடப் பேசவில்லை. அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அதே திங்கட்கிழமை சரக்கின் எண் நாலு புள்ளி எட்டு.

ஒரு நாள் அப்படி ஆகும். கண் வந்த டப்பாவில் ஓட்டை இருக்கும், வண்டிக்காரர் திறந்து பார்த்திருப்பார் என்று நினைத்தேன். வியாழக்கிழமை ஐந்து. அடுத்த வாரம் நாலு ஒன்பது, ஐந்து இரண்டு. நான் வண்டிக்காரரைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினேன். ஐஸ் கொண்டுவருகிறவரைத் திட்டினேன். வாசல் திரையைத் துவைத்தவர்களைத் திட்டினேன். மூணாம் வருஷத்தை, நீ வெளியே நின்று கதவைத் தட்டுகிற தட்டில்தான் எல்லாம் வெளுக்கிறது என்று கூடச் சொல்லிவிட்டேன். அது அநியாயம் என்று சொல்லும்போதே தெரிந்தது. வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. தினமும் சாப்பிடும்போது ஒவ்வொருவர் பெயராக எடுத்து வறுத்தேன். என்ன நடந்தது என்று மட்டும் ஒரு நாளும் சொல்லவில்லை. என் கணவரும் யார் யாருக்கோ என்னோடு சண்டை என்று எடுத்துக்கொண்டு, ம் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

உள்ளுக்குள் எனக்குக் கிலி. கண் தேறிவிட்டது, காரட் தேற்றிவிட்டது. அப்படியானால் போனது எது? கையா? விரல் நடுங்குகிறதா என்று காகிதத்தைப் புறங்கையில் வைத்துப் பார்த்தேன். ஆடவில்லை. கோபத்தில் ஆடியிருந்தால்தான் உண்டு.

ஆறாவது வாரம்தான் பேராசிரியர் டார்ச் கேள்வியைக் கேட்டார். கேட்டதோடு விடவில்லை.

"அடுத்த தடவை அந்தப் பொண்ணு பண்ணட்டும். நீங்க வெளியே இருங்க" என்றார்.

மூணாம் வருஷம் உள்ளே போனாள். நான் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நான் இரண்டு மணி நேரத்தில் முடிப்பதற்கு அவள் நாலு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து இரண்டு முறை ஏதோ விழுந்தது. ஒரு முறை அவளே விழுந்தாள். வெளியே வந்தபோது தலைமுடியில் மாட்டுக் கண்ணின் கூழ் ஒட்டியிருந்தது. பாதி விழித்திரை கிழிசல். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவளுடைய எண் இரண்டு புள்ளி மூன்று.

என் சிரிப்பு நின்றுவிட்டது. பேராசிரியர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். பாவம் என்கிற மாதிரி பார்த்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"திங்கக்கிழமையில இருந்து நீங்க பாட்டில் பிரிவுக்குப் போங்கம்மா. இத்தனை வருஷம் பண்ணினது போதும். இனிமே கொஞ்சம் வெளிச்சத்துல இருங்க."

"வியாழக்கிழமை ஒரு தடவை குடுங்க சார். பாதிக் கண்ணு எனக்கு, பாதி அவளுக்கு. ஒரே ரூம், ஒரே விளக்கு, ஒரே ஐஸ். என்னோடது வெளுத்தா நானே பாட்டில் பிரிவுக்கு நடந்து போறேன், நீங்க சொல்ல வேண்டாம்."

"அக்கா, அதெல்லாம் எதுக்கு" என்று மூணாம் வருஷம் இழுத்தாள். அவளுக்கு என்னை விரட்ட ஆசை இல்லை. அந்தக் கூழில் மறுபடி குளிக்கவும் ஆசை இல்லை.

வியாழக்கிழமை இரண்டு பேரும் உள்ளே போனோம். அவள் மேஜையின் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. அவள் தன் பீக்கரை மார்புக்கு நேராக வைத்து, இடது கையால் அணைத்துக்கொண்டே வேலை செய்தாள். கொட்டிவிடுமோ என்று பயம். நான் வழக்கம் போல் பின்னால் சந்தில் வைத்தேன். இருபது கண்ணையும் ஐம்பது நிமிஷத்தில் முடித்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்தேன், ஒன்றுகூடக் கிழியவில்லை. அவள் அப்போது எட்டாவதில் இருந்தாள். அவள் முடிக்கிறவரை யாரும் கதவைத் திறக்க முடியாது. வேறு வழியில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

மேலும் அரை மணி போயிருக்கும். மடியில் இருந்த இடுக்கி நழுவி விழுந்து, சந்துக்குள் உருண்டுவிட்டது. எடுக்கலாம் என்று மண்டியிட்டுத் தலையைச் சந்துக்குள் விட்டேன்.

உள்ளே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மிளகு அளவு விளக்கு. சென்ட்ரிஃப்யூஜின் முதுகில், கண்ணில் படாத இடத்தில், தரையைப் பார்க்கிற மாதிரி ஒட்டியிருந்தது. தரைக்கும் அதற்கும் நடுவில் என் பீக்கர். வெளிச்சம் நேரே புனலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்க்கும்போது தரையில் சாம்பலாகத் தெரிந்ததே, கிட்டத்தில் அதற்கு நிறம் இருந்தது. நல்ல பச்சை.

குச்சி செல்லுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. மங்கிய வெளிச்சம் எதுவானாலும் அதற்குச் சாம்பல்தான். ஆனால் எந்த வெளிச்சம் அதற்கு உயிர் என்று கேட்டால், பச்சை. சிவப்பைக் கண்டுகொள்ளாத அதே சாமான் பச்சையைப் பார்த்தால் ஆவென்று வாயைப் பிளந்து விழுங்கும். உலகத்தில் இருக்கிற அத்தனை நிறத்திலும் தேடிப் பிடித்து, என் சரக்கை வெளுக்க வைக்க இதைவிடப் பொருத்தமான ஒரு நிறத்தை எதிரிகூடக் கண்டுபிடித்திருக்க மாட்டான்.

கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் அந்தப் பெண் துள்ளிப் பீக்கரைக் கவிழ்த்துவிடுவாள். என் வாழ்க்கையில் நான் விழுங்கிய மிகப் பெரிய கத்தல் அதுதான். கையை நீட்டி விளக்கைப் பொத்தினேன். பொத்தும்போது விரலில் டேப் தட்டுப்பட்டது. மூன்று சுற்று, அதன் நுனி பிரிக்க வசதியாகச் சின்னதாக மடித்துவிடப்பட்டிருந்தது. எங்கள் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு வயரிலும், ஒடிந்த குடைக் காம்பிலும், என் செருப்பு வாரிலும் அந்த மூன்று சுற்றும் மடிப்பும் இருக்கிறது.

மூணாம் வருஷத்தின் குரல் வந்தது. "அக்கா, கீழ என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லை. இடுக்கி விழுந்திடுச்சு. நீ வெட்டு."

விளக்கைக் கையால் பொத்திக்கொண்டு, தலை சந்துக்குள்ளும் மிச்சம் வெளியிலுமாக முக்கால் மணி நேரம் மண்டியிட்டிருந்தேன். என் சரக்கு ஏற்கெனவே செத்துவிட்டது. அவளுடையதாவது பிழைக்கட்டும் என்றுதான். காலெல்லாம் மரத்துவிட்டது. அந்த நேரத்தில் என் கணவரை எப்படியெல்லாம் கேட்கலாம் என்று வரிசையாக யோசித்து வைத்தேன். நல்ல நல்ல வார்த்தைகள் வந்தன.

எண் வந்தது. அவளுக்கு இரண்டு நாலு, எனக்கு ஐந்து ஒன்று. பேராசிரியர் வாயைத் திறப்பதற்குள், "ஒரு மணி நேரத்துல வரேன் சார்" என்று சொல்லிவிட்டு எலக்ட்ரிக்கல் ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஃபேனின் வயிற்றைப் பிரித்து வைத்திருந்தார். கூட யாரும் இல்லை.

"இருட்டறையில பச்சை விளக்கு மாட்டினது நீங்கதானே?"

"ம்."

"ம்-ன்னா? வாயைத் திறந்து பேசுங்க. ஆறு வாரமா என் பொழப்பை நாசம் பண்ணிட்டு ம்-ங்கறீங்க."

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "நாசமா?"

சொன்னேன். டார்ச், இரண்டரை, பாட்டில் பிரிவு எல்லாம். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது, அதற்கு எந்த விளக்கும் தேவைப்படவில்லை.

"ஒரு ஞாயித்துக்கிழமை மெயின் ஆஃப் பண்ணிட்டு வேலை பார்த்தப்போ மாட்டினேன்" என்றார். "வெள்ளை ஆகாதுன்னு எனக்குத் தெரியும். சிவப்புல உனக்குத்தான் தெரியல. அதான் பச்சை போட்டேன்."

"பச்சைதான் இருக்கறதுலயே மோசம். யார் சொன்னாங்க உங்களுக்கு பச்சை போடச் சொல்லி?"

"நீதான். பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சின்னு நம்ம வீட்டு ஜன்னல் திரை எல்லாம் பச்சையில வாங்கினே. கண்ணுக்கே குளிர்ச்சின்னா, கண்ணுக்குள்ள இருக்கற செல்லுக்கும் நல்லதுதானேன்னு நினைச்சேன்."

யோசித்து வைத்திருந்த நல்ல வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை. அப்புறம்தான் அவர் முதலில் சொன்னது உறைத்தது.

"சிவப்புல எனக்குத் தெரியலைன்னு யார் சொன்னா?"

"நெத்தியில இடிச்சிட்டு வந்தியே."

"அது கப்போர்டு கதவுன்னு சொன்னேனே."

"நம்ம வீட்டுக் கப்போர்டுக்குக் கதவே கிடையாதும்மா. நான் கழட்டி மூணு வருஷம் ஆச்சு. இன்னும் மாட்டலைன்னு நீ வாராவாரம் திட்டறே." ஸ்க்ரூடிரைவரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். "ராத்திரி லைட்டை அணைச்சா நீ சுவத்தைத் தடவிக்கிட்டுத்தான் வர்றே. ரெண்டு வருஷமா பாத்துட்டுத்தான் இருக்கேன். கேட்டா கத்துவே. காரட் வேற மூட்டை மூட்டையா வருது."

அப்படியானால் என் கண்ணைத் தேற்றியது காரட் இல்லை. இந்த மனுஷனின் மிளகு விளக்கு. எனக்கு அழுகை வந்தது, அதனால் இன்னும் சத்தமாகத் திட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

கடைசியில், "நான் போய்ச் சொல்லிடறேன்" என்றார். "பிளக்குக்கு அடையாள விளக்கு போட்டேன், யாரையும் கேக்காம போட்டது என் தப்புன்னு சொல்றேன். உன் கண்ணு விஷயம் வெளியே வராது. உன் வேலை உனக்கே இருக்கும்."

சபலம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். அந்த ஒரு பொய்யில் என் அறை, என் மேஜை, என் இருட்டு எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் முப்பது வருஷத்தில் ஒரு வயர் தவறாக இழுக்காத மனுஷன் அவர். அவரைக் கவனக்குறைவு என்று ஒரு காகிதத்தில் யாராவது எழுதுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திட்டுவதென்றால் நான் திட்டுவேன். அடுத்தவர் எழுத வேண்டாம்.

"எழுந்திரிங்க. ரெண்டு பேரும் போவோம்" என்றேன்.

பேராசிரியர் முன்னால் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த விளக்கு எனக்காக வைத்தது, முதல் அரை மணி எனக்குக் கண் தெரிவதில்லை, இரண்டு வருஷமாக மறைத்தேன், இனி உங்கள் முடிவு. ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நின்றேன்.

அவர் அலமாரியிலிருந்து பழைய பதிவு நோட்டை எடுத்துப் புரட்டினார். போன வருஷம், அதற்கு முந்திய வருஷம். இரண்டு மூன்று, இரண்டு இரண்டு, இரண்டு நாலு, பக்கம் பக்கமாக.

"இதெல்லாம் கண்ணு தெரியாமப் பண்ணினதா?"

"முதல் அரை மணி மட்டும்தான் சார். கை பாட்டுக்கு ஆரம்பிச்சிடும். கண்ணு பின்னாடி வந்து சேந்துக்கும்."

"அரை மணி முன்னாடியே உள்ளே போய் உக்காந்தா போதுமே. இருட்டு பழகினப்புறம் வெட்ட ஆரம்பிக்கலாமே."

நான் திருதிருவென்று விழித்தேன். இருபத்தாறு வருஷம் கண்ணை வெட்டியவளுக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லை. மறைப்பதிலேயே புத்தி முழுக்கச் செலவாகிவிட்டது.

"திங்கக்கிழமை அரை மணி முன்னாடி வந்துடுங்க. கண் டாக்டரையும் பாத்துட்டு வாங்க. பாட்டில் பிரிவுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார். பின்னாலிருந்து மூணாம் வருஷம் விட்ட பெருமூச்சு வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். பேராசிரியர் என் கணவரை நிறுத்தினார். அனுமதியில்லாமல் வேலை செய்ததற்கு ஒரு படிவம் உண்டாம். அதை எழுதிக் கொடுத்து, துறைத் தலைவர், அதாவது பேராசிரியரே, காரணத்தை ஏற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் என் கணவர் மேல் நடவடிக்கை வராது. கார்பன் வைத்த மூன்று நகல் படிவத்தை நீட்டினார். என் கணவர் நின்றபடியே மேஜையில் குனிந்து, இடம், தேதி, வயரின் நீளம், விளக்கின் நிறம் என்று எழுதினார். காரணம் என்கிற இடத்தில் நாலு வரி காலி விட்டிருந்தது. அங்கே வந்ததும் பேனா நின்றது. பிறகு ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தார்.

பேராசிரியர் வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் படித்தார்.

"மனைவின்னு மட்டும் எழுதியிருக்கீங்க. ஒரு வாக்கியமா எழுதணும்ப்பா."

"அவ்வளவுதான் சார் காரணம்" என்றார் என் கணவர்.

பேராசிரியர் மூன்று நகலிலும் கையெழுத்துப் போட்டார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அந்த மனுஷன் என்னைப் பற்றி எழுதியது இது ஒன்றுதான். ஒன்று ஒர்க்‌ஷாப்புக்கு, ஒன்று அலுவலகத்துக்கு, மூன்றாவது இருட்டறைக் கோப்புக்கு.